பாதி டேங்கில் நின்றுபோன எஞ்சின்: ஒரு 46 குளோ எஞ்சினின் நிகழ்வு ஆய்வு

மாடல் விமான எஞ்சின் ஒன்றைப் பற்றி என் பட்டறைக்கு வந்த புகார் இதுதான்: "கீழ நல்லா ஓடுதுங்ணா. மேல போனா கொஞ்ச நேரத்துல சவுண்டு மாறி, அப்படியே நின்னு போயிருது."

எஞ்சின் 46 சைஸ், அதாவது 7.5 சிசி. டூ ஸ்ட்ரோக், இரண்டு பால் பேரிங், ரிங் இல்லாத பிஸ்டன். மேல் இறக்கை வைத்த ட்ரெய்னர் விமானத்தில் பூட்டியிருந்தது. வைத்திருப்பவர் பல்லடம் பக்கம் தறி ஓட்டுகிறவர். சூலூர் விமானப்படைத் தளமும் கோவை விமான நிலையமும் இருப்பதால், இந்தப் பக்கம் மாடல் விமானம் விடுகிறவர்கள் வரைபடத்தில் பறக்கத் தடையும் கட்டுப்பாடும் உள்ள சிவப்பு, மஞ்சள் மண்டலங்களைத் தாண்டி இடம் தேட வேண்டியிருக்கிறது. இவருக்குக் காங்கயம் தாண்டி ஒறம்பரைக்காரர் ஒருவரின் கொறங்காடு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலம், வாய்த்திருந்தது. கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம், நாலு பக்கமும் முள்ளுக்கிளுவை வேலி. எஞ்சின் மேலே நின்றால் அந்த வேலிக்கு உள்ளேதான் இறக்கியாக வேண்டும். எல்லாத் தடவையும் அது நடக்கவில்லை என்பதை இறக்கையில் இருந்த ஒட்டுகளே சொல்லின.

என் பட்டறைக்கு வருமுன் அவர் செய்தவை: குளோ பிளக் மாற்றியிருக்கிறார். வேறு கேனில் இருந்து எரிபொருள் ஊற்றிப் பார்த்திருக்கிறார். எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் மெயின் நீடிலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துகொண்டே போயிருக்கிறார். தெரிந்தவர் ஒருவர், நல்ல மொபெட் மெக்கானிக், "கம்ப்ரஷன் போயிருச்சு, ரிங் மாத்துங்க" என்று சொல்லியிருக்கிறார். இல்லாத ரிங்கை எங்கே மாற்றுவது? இன்னொருவர் பிஸ்டனும் அது ஓடும் லைனரும் (சிலிண்டரின் உள்குழாய்) தேய்ந்துவிட்டன, புது செட் போட வேண்டும் என்றிருக்கிறார். அந்த விலையைக் கேட்டால் புது எஞ்சினே வாங்கிவிடலாமா என்ற யோசனை வந்துவிடும். அந்த யோசனையோடுதான் அவர் வந்தார்.

மொபெட் மெக்கானிக் தடுமாறியதில் வியப்பில்லை. குளோ எஞ்சினில் ஸ்பார்க் கிடையாது, காயில் கிடையாது, டைமிங் செட் செய்ய இடமே கிடையாது. 1940களின் பாதிவரை பெரும்பாலான மாடல் எஞ்சின்களும் ஸ்பார்க் பிளக், காயில், கண்டென்சர், பேட்டரி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டுதான் பறந்தன. 1947-இல் அமெரிக்காவில் ரே ஆர்டன் குளோ பிளக்கை விற்பனைக்குக் கொண்டுவந்ததும் அந்தச் சுமை இறங்கியது. பிளக்கின் உள்ளே இருப்பது பிளாட்டினம் கலந்த சின்னக் கம்பிச் சுருள். தொடங்கும்போது மட்டும் 1.2 முதல் 1.5 வோல்ட் கொடுத்து அதைப் பழுக்க வைக்கிறோம். எஞ்சின் ஓட ஆரம்பித்ததும் பேட்டரியைக் கழற்றிவிடலாம். பிளாட்டினத்தின் மேல் எரிபொருளில் இருக்கும் மெத்தனால் படும்போது நடக்கும் வினையும், முந்தைய வெடிப்பின் சூடும், அழுத்தமும் சேர்ந்து சுருளைத் தணலாகவே வைத்திருக்கும். எப்போது பற்ற வேண்டும் என்பதைக் கலவைதான் பெருமளவு தீர்மானிக்கிறது. கலவை கெட்டால் டைமிங்கும் கெடும்.

இன்னொன்றும் இருக்கிறது. பெட்ரோல் எரிய ஒரு பங்குக்குச் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். மெத்தனாலுக்குச் சுமார் 6.4 பங்கு போதும். அதே அளவு காற்றுக்கு இரண்டு மடங்குக்கும் மேல் எரிபொருள் குழாய் வழியாக வந்தாக வேண்டும் என்று இதற்குப் பொருள். கையடக்க எஞ்சினுக்கு அது பெரிய ஓட்டம். வழியில் சின்னக் குறை இருந்தாலும் எஞ்சின் காட்டிக் கொடுத்துவிடும். அதனால் குளோ எஞ்சின் புகார் எது வந்தாலும் நான் ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்னால் கேட்பது ஒன்றுதான்: எப்போது நிற்கிறது, டேங்கில் எவ்வளவு இருக்கும்போது நிற்கிறது?

அவருக்கு உடனே பதில் தெரியவில்லை. யோசித்துப் பார்த்துவிட்டு, "எறக்கினதுக்கப்புறம் பாத்தா எப்பவும் பாதி மிச்சம் இருக்குமுங்ணா" என்றார். மேலே ஏற்றும்போதா, நேராகப் போகும்போதா என்று கேட்டேன். ஏற்றத்தில் சீக்கிரம் நிற்கும், நேராகப் போனால் கொஞ்சம் தாங்கும். அப்புறம் அவரே சேர்த்துச் சொன்னதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த தகவல்: "நிக்கறதுக்கு முன்னாடி பாத்தீங்கன்னா அருமையாப் பாடுமுங்க. அப்பத்தான் செட் ஆயிருச்சுன்னு நெனைப்பேன்."

ரிச்சாக, அதாவது கலவையில் எரிபொருள் மிகுந்து, ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினுக்கு எரிபொருள் மெல்லக் குறைந்தால், அது முதலில் சரியான கலவைக்கு வரும். அப்போது சுற்று ஏறும், சத்தம் கூர்மையாகும், வண்டி பறக்கும். இன்னும் குறைந்தால் லீனாகி, அதாவது எரிபொருள் போதாமல், சூடேறி நிற்கும். ஆக அவர் கேட்ட பாட்டு, எரிபொருள் வரத்துக் குறைய ஆரம்பித்ததற்கான அறிவிப்பு. பிஸ்டன் தேய்ந்த எஞ்சின் இப்படிப் பாடாது. அது தொடக்கத்திலேயே தொல்லை கொடுக்கும், சூடானதும் தொய்யும்.

இதெல்லாம் ஆடி மாதத்தில் நடந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றில் உடுமலை, பல்லடம் பக்கத்துக் காற்றாலைகள் விசுவிசுவென்று சுற்றும் காலம். ட்ரெய்னர் விமானத்தை அந்தக் காற்றில் யாரும் ஏற்ற மாட்டார்கள். எனவே எல்லாச் சோதனையையும் பட்டறை வாசலில், ஸ்டாண்டில் வைத்தே செய்தோம். அது நல்லதாகவே முடிந்தது. மேலே போய்ப் பார்க்கலாம் என்ற அவசரம் இருந்திருந்தால் பாதிச் சோதனையைத் தாண்டிப் போயிருப்போம்.

முதலில் கம்ப்ரஷன், அந்தச் சந்தேகத்தை மூட்டை கட்டிவிட. இந்த வகை எஞ்சினில் அலுமினியப் பிஸ்டன், மேலே போகப் போகக் குறுகும் பித்தளை லைனர், உள்ளே முலாம். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது குளிர்ந்த எஞ்சினில் ஒரு பிடிப்பு தெரிய வேண்டும். சிலதில் கீச்சென்று சத்தம்கூட வரும். ஓடிச் சூடானதும் பித்தளை விரிந்து பிடிப்புத் தளரும். பிளக்கைக் கழற்றிவிட்டுப் புரொப்பெல்லரைக் கையால் மெதுவாகச் சுற்றினோம். உச்சியில் பிடிப்பு இருந்தது. பிளக்கைப் போட்டுச் சுற்றினால் திருப்பித் தள்ளியது. பேரிங்கில் கொரகொரப்பு இல்லை. பிஸ்டன் செட் வாங்கும் பேச்சு அதோடு முடிந்தது. சைலன்சர் துளை வழியாகப் பார்த்ததில் பிஸ்டனின் பக்கத்தில் தேன் நிறத்தில் படிவு இருந்தது. அது எரிபொருளில் கலந்திருக்கும் விளக்கெண்ணெய் வெந்து ஒட்டியது. பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் இவ்வளவு தடவை லீனாகி நின்றும் லைனர் பிழைத்ததற்கு அந்த விளக்கெண்ணெய்தான் காரணம் என்று நான் நம்புகிறேன். சூடு மீறும்போது சில செயற்கை எண்ணெய்கள் விலகிக்கொள்ளும் இடத்தில் அது ஒட்டி நிற்கும்.

பிளக் சுருள் மங்கிச் சாம்பல் நிறத்தில், கொஞ்சம் நெளிந்து இருந்தது. நன்றாக ஓடும் எஞ்சினில் சுருள் ஈரமாக, பளபளப்பாக இருக்கும். லீன் ஓட்டத்துக்கு இதுவும் ஒரு சாட்சி. புதுப் பிளக் போட்டோம், ஆனால் அது மருந்து அல்ல என்பது தெரியும். ஏற்கெனவே அவர் மாற்றிய பிளக்குகளும் இதே கதிக்குத்தான் வந்திருக்கும்.

எரிபொருள் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மெத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மூடி சரியாக இல்லாத கேனில் சில மாதம் இருந்தால் கண்ணுக்குத் தெரியாமலே தண்ணீர் கலந்துவிடும். ஐடில் (திராட்டில் மூடிய மெதுவான ஓட்டம்) நடுங்கும், பேட்டரி கிளிப்பை எடுத்ததும் சுற்று இறங்கும். இவர் கேனைத் தறிக்கூடத்தின் ஓரத்தில் வைத்திருந்தார், மூடியின் வாஷர் காணோம். எனவே சீல் பிரிக்காத கேனைத் திறந்து, இனி எல்லாச் சோதனைக்கும் அதுதான் என்று வைத்துக்கொண்டோம். பத்து சதவீதம் நைட்ரோ மீத்தேன், பதினெட்டு சதவீதம் எண்ணெய் உள்ள சாதாரணக் கலவை. மெத்தனாலைத் தனியாக வாங்கி வீட்டில் கலக்கும் யோசனை யாருக்காவது இருந்தால் விட்டுவிடுங்கள். தமிழ்நாட்டில் அதை வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபது பேருக்கும் மேல் இறந்தது மெத்தனால் கலந்த சாராயத்தால். குழாயை வாயில் வைத்து உறிஞ்சிப் பார்க்கும் பழக்கம் பறக்கவிடுகிறவர்களிடம் இன்னும் இருக்கிறது. கண்பார்வை போகும். வெயிலில் அதன் தீயும் கண்ணுக்குத் தெரியாது.

இனி நீடில். கையால் மூடிவிட்டுத் திரும்ப எண்ணியதில் கிட்டத்தட்ட நாலு சுற்றுத் திறந்திருந்தது. இந்த அளவு எஞ்சின்கள் பெரும்பாலும் ஒன்றரையிலிருந்து இரண்டரைச் சுற்றுக்குள் அடங்கும். நாலு சுற்று என்றால் எஞ்சின் எரிபொருள் கேட்கவில்லை, எங்கோ காற்று கலக்கிறது அல்லது வழி அடைத்திருக்கிறது என்று அர்த்தம். நீடிலைத் திறந்து அதை ஈடுகட்டப் பார்த்திருக்கிறார். ஐடில் நீடிலும் அப்படியே.

ஓடவிட்டோம். ஐடில் ஒரு நிலையில் நிற்கவில்லை, ஏறி ஏறி இறங்கியது. கார்புரேட்டரின் கழுத்து எஞ்சினுக்குள் இறங்கும் இடத்தில் ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டதும் சுற்று மாறியது, அங்கே காற்று கசிகிறது என்று அர்த்தம். கழற்றிப் பார்த்தால் உள்ளே இருந்த ஓ-ரிங் தட்டையாகி, ஒரு பக்கம் வெடித்திருந்தது. அதை மாற்றினோம். ஐடில் நிதானத்துக்கு வந்தது. ஐடில் நீடிலை மூட முடிந்தது.

பலர் இந்த இடத்தில் வேலை முடிந்தது என்று எழுந்துவிடுவார்கள். ஒரு குறை கிடைத்தது, சரி செய்தோம், எஞ்சின் முன்னைவிட நன்றாக ஓடுகிறது. ஆனால் வந்த புகாருக்கு இது பதில் இல்லை. கார்புரேட்டருக்குக் கீழே கசியும் காற்று, திராட்டில் மூடியிருக்கும்போதுதான் அதிகம் தொந்தரவு செய்யும். அங்கே அப்போதுதான் உறிஞ்சல் பலமாக இருக்கும். முழுத் திராட்டிலில், அதுவும் பாதி டேங்க் தீர்ந்த பிறகு நிற்பதற்கு ஓ-ரிங்கால் விளக்கம் சொல்ல முடியாது.

அதனால் எஞ்சினையும் டேங்கையும் பிரித்தோம். என்னிடம் இருந்த, சந்தேகமில்லாத ஒரு டேங்கை ஸ்டாண்டில் அதே உயரத்தில் கட்டி, டேங்குக்கு அழுத்தம் கொடுக்கச் சைலன்சரில் இருந்து வரும் பிரஷர் குழாயையும் அதற்கே மாற்றிக் கொடுத்து, முழுத் திராட்டிலில் விட்டோம். நிறைந்த டேங்கில் இருந்து கடைசிச் சொட்டுவரை சத்தம் மாறவே இல்லை. பக்கத்து லேத் பட்டறையில் இருந்து ஆள் எட்டிப் பார்த்தது மட்டும்தான் மிச்சம். இந்த ஒரு சோதனை எஞ்சினை முழுதாக விடுவித்துவிட்டது. இதை முதலிலேயே செய்யலாமே என்று கேட்டால், செய்யலாம். ஐடில் நடுங்கும் எஞ்சினில் முடிவைப் படிப்பது கஷ்டம் என்பதால் நான் ஓ-ரிங்கை முதலில் முடித்துக்கொள்வேன்.

அடுத்து விமானத்தின் சொந்த டேங்க். வெளியே எடுத்து, ஒரு குழாயை விட்டு மற்றதை அடைத்து, சிரிஞ்சால் காற்று ஏற்றி வாளித் தண்ணீரில் அமுக்கினோம். ஒரு குமிழி இல்லை. அவர் முகம் வாடிப்போய்விட்டது. "டேங்கும் நல்லா இருக்குதேங்ணா?"

கிணற்று மோட்டார் வைத்திருக்கும் வீட்டில் பிறந்தவர் அவர். சக்சன் பைப்பில் ஓட்டை விழுந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். தண்ணீர் சொட்டாது, காத்து இழுக்கும், ஓட்டை தண்ணிக்குள் இருக்கும்வரை தெரியாது, கிணத்துல தண்ணி இறங்கினதும் மோட்டார் வெறுமனே ஓடும் என்றார். சொல்லி முடிக்குமுன் அவர் கை டேங்கின் மூடிப் பக்கம் போய்விட்டது.

டேங்கின் உள்ளே, மூடியில் இருந்து வரும் பித்தளைக் குழாயில் ஒரு சிலிகான் டியூப் மாட்டியிருக்கும். அதன் நுனியில் கிளங்க் என்கிற கனமான உறிஞ்சுமுனை. விமானம் எப்படிச் சாய்ந்தாலும் எரிபொருள் இருக்கும் பக்கம் அது விழுந்து உறிஞ்சும். கிளங்கின் வாயை விரலால் அடைத்து, டியூபைத் தண்ணீரில் வைத்து, மெதுவாகக் காற்றுக் கொடுத்தோம். பித்தளைக் குழாயின் விளிம்பு முடியும் இடத்தில் சிலிகானில் மயிரிழை போல ஒரு கீறல். வளைத்தால் வாய் திறந்தது. குழாயை வெட்டியவர் விளிம்பின் பிசிறைத் தேய்க்காமல் விட்டிருந்தார். எஞ்சினின் அதிர்வில் அந்தப் பிசிறு சிலிகானை அறுத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

வெளியே இருந்து செய்த தண்ணீர்ச் சோதனையில் இது தெரியாமல் போனதற்குக் காரணம், கசிவு டேங்குக்கு உள்ளேயே நடப்பதுதான். வெளிச்சுவரில் ஓட்டையே இல்லை. டேங்க் நிறைந்திருக்கும்போது கீறல் எரிபொருளில் மூழ்கியிருக்கும். அதன் வழியாக எரிபொருளே போகும், ஒரு குறையும் இல்லை. மட்டம் பாதிக்குக் கீழே இறங்கியதும் கீறல் காற்றுக்கு வெளிப்படும். சைலன்சர் பிரஷரும் எஞ்சினின் உறிஞ்சலும் சேர்ந்து காற்றைக் குழாய்க்குள் தள்ளும். மூக்கைத் தூக்கி ஏற்றினால் எரிபொருள் பின்பக்கம் ஓடிவிடும், முன்பக்கம் இருக்கும் கீறல் இன்னும் சீக்கிரம் வெளிப்படும். ஏற்றத்தில் முதலில் நிற்பதும், நேர் பறப்பில் கொஞ்சம் தாங்குவதும், பாதி மிச்சம் இருப்பதும் எல்லாம் இந்த ஒரு கீறலுக்குள் அடங்கிவிட்டன.

கீழே ஏன் ஒரு தடவைகூட நிற்கவில்லை? அவர் ஒவ்வொரு முறையும் நீடிலைத் தொடுவதற்கு முன் டேங்கை நிரப்பிவிடுவார். ஒழுங்கான பழக்கம்தான். ஆனால் நிறைந்த டேங்கில் செய்யும் தரைச் சோதனை எல்லாவற்றிலும் இந்த எஞ்சின் பாஸ் ஆகிவிடும். பாதி டேங்கில் மூக்கைத் தூக்கிப் பிடித்து முழுத் திராட்டில் கொடுத்திருந்தால் அன்றைக்கே மாட்டியிருக்கும். டேங்குக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே உள்ள குழாயில் குமிழி ஓடுவதையும் பார்த்திருக்கலாம். அவர் போட்டிருந்தது அடர்நீல டியூப், உள்ளே எதுவும் தெரியாது. நிறமில்லாத டியூபையே போடுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன், அழகு பார்க்கிறவர்கள் கேட்க மாட்டார்கள்.

சரி செய்தது சின்ன வேலை. பித்தளைக் குழாயின் விளிம்பை ஊசி அரத்தால் உருட்டி, எமரி போட்டு, கழுவி, புது சிலிகான் டியூப் மாட்டினோம். சிலிகான் மெத்தனாலுக்குத்தான்; பெட்ரோல் எஞ்சினில் போட்டால் ஊதிப்போகும், அதற்கு வேறு டியூப். கிளங்க் பின்சுவரில் இடிக்காமல், ஒரு சுண்டுவிரல் அகலம் விட்டு, எல்லாப் பக்கமும் தாராளமாக விழுகிறதா என்று குலுக்கிப் பார்த்தோம். டேங்கைச் சுற்றிப் புது ஸ்பாஞ்சு. அது இறுகிவிட்டால் அதிர்வில் எரிபொருள் நுரைக்கும், நுரையும் காற்றுதான். டேங்கின் நடுமட்டம் கார்புரேட்டரின் நீடில் மட்டத்துக்குச் சரியாக வருமாறு கீழே அட்டை கொடுத்தோம்.

டியூனிங்கைப் பாதி டேங்கில், 11×6 புரொப்பெல்லரில் செய்தோம். ரிச் பக்கம் இருந்து மெயின் நீடிலை மூடிக்கொண்டே வந்ததில் சுற்று நிமிடத்துக்கு 11,800 வரை ஏறியது. அங்கிருந்து 300 குறையும்வரை திறந்து நிறுத்தினோம். மூக்கைத் தூக்கிப் பிடித்தால் சத்தம் லேசாக ஏறியது, தொய்யவில்லை. எரிபொருள் குழாயைச் சட்டென்று கிள்ளிவிட்டால் ஒரு கணம் சுற்று ஏறி இறங்கியது. இன்னும் ரிச் பக்கம் இருக்கிறது என்பதற்கு அடையாளம். கிள்ளிய உடனே இறங்கியிருந்தால் லீன். ஐடிலிலும் கிள்ளிப் பார்த்தோம். சில நொடி தாக்குப்பிடித்து, கொஞ்சம் ஏறி, அப்புறம் நின்றது. அதுதான் வேண்டியது. நீடில் கடைசியில் இரண்டு சுற்றுக்குச் சற்றுக் குறைவாக வந்து நின்றது.

சுற்று அளக்கும் ஒளி மீட்டரை டியூப்லைட் பக்கம் காட்டாதீர்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பழைய சோக் டியூப்லைட் நொடிக்கு நூறு தடவை மினுக்கும். இரண்டு இதழ் செட்டிங்கில் எஞ்சின் ஓடாமலே 3,000 காட்டும். மீட்டர் சரியா என்று பார்க்க அது வசதி, எஞ்சினை அளக்க வானத்தைப் பின்னணியாக வைத்துக்கொள்ளுங்கள். நீடிலைத் திருகும்போது புரொப்பெல்லருக்குப் பின்னால் நில்லுங்கள். வேட்டியோடு, தோளில் துண்டோடு வருகிறவர்களை நான் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் விடுவதில்லை, அது யாராக இருந்தாலும்.

காற்று அடங்கியதும் கொறங்காட்டில் ஏற்றினார். முழு டேங்க் தீரும்வரை ஓடியது, லூப்பிலும் செங்குத்து ஏற்றத்திலும் சத்தம் மாறவில்லை. பாடவும் இல்லை, அதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். பேட்டரி கிளிப்பைக் கழற்றும்போது ஐடில் இன்னமும் துளி இறங்குகிறது. முன் பேரிங் வழியாகக் கொஞ்சம் எண்ணெய் தெறித்து மூக்குப் பகுதி ஈரமாகிறது. இரண்டும் பறப்பைக் கெடுக்கும் அளவில் இல்லை. அடுத்து எஞ்சினைத் திறக்கும்போது பேரிங்கைப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறோம். பழைய கேன் எரிபொருளை என்ன செய்தார் என்று கேட்டேன். இன்னும் தறிக்கூடத்திலேயே இருக்கிறதாம், மூடிக்கு வாஷர் மட்டும் போட்டிருக்கிறாராம்.